பிள்ளை விட்டுப்போன பொருட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகன் போய் ஒன்பது வருடமாகிறது. அப்போது அவனுக்கு ஏழு வயது. அதற்கப்புறம் பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ அம்மா அப்பாக்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கடவுள், விதி, ஏன் எனக்கு மட்டும் என்றெல்லாம் பேச்சு போகும். ஆனால் கொஞ்ச நேரத்தில் அது பீரோவுக்கு வந்துவிடும். அந்தச் சட்டையை என்ன செய்வது, செருப்பை யார் எடுப்பது, போனில் இருக்கிற குரல் அழிந்துவிடுமா? அப்படி வந்த கேள்விகள்தான் இவை. நான் டாக்டரோ மனநல ஆலோசகரோ இல்லை. பிள்ளையின் பொருட்களோடு ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தியவள், அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் கொடுத்துடு, கண்ணில் படப் படத்தான் வேதனை" என்கிறார்கள். கொடுத்துவிட்டால் மனசு ஆறிவிடுமா?

ஆறாது. சொல்பவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். உங்கள் அழுகையை அவர்களால் பார்க்க முடியவில்லை; பொருள் போனால் அழுகையும் போய்விடும் என்று நம்புகிறார்கள்.

இந்த எண்ணத்தைப் படித்தவர்களும் வெகுகாலம் சுமந்தார்கள். 1917-ல், உளப்பகுப்பாய்வு என்ற மனச் சிகிச்சையைத் தொடங்கிய சிக்மண்ட் பிராய்டு, துக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், இறந்தவர் மேல் வைத்த பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்றார். மூன்று வருடம் கழித்து, 1920-ல், அவருடைய 26 வயது மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோனாள். 1929-ல், அவள் இருந்திருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் நாளில், நண்பர் பின்ஸ்வாங்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அப்படி இருப்பதே சரி என்பதுதான் அதன் சாரம். தன் கடிகாரச் சங்கிலியில் ஒரு குட்டி லாக்கெட்டைக் கோத்து வைத்திருந்தார். சிகிச்சைக்கு வந்த கவிஞர் ஒருவரிடம் மகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது அதைக் காட்டி, இதோ இங்கே இருக்கிறாள் என்றாராம். கழற்றச் சொன்னவரே கழற்றவில்லை.

1996-ல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மேன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், இறந்தவரோடு உள்ள உறவு முறிவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்று விரிவாக எடுத்துவைத்தார்கள். கிளாஸ் பல வருடம் பிள்ளையை இழந்த பெற்றோர்களின் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டவர். இன்றைக்கு ஆலோசகர்கள் பலர் இந்த வழியில்தான் பேசுகிறார்கள். ஆகவே யாராவது ஒழித்துக்கட்டச் சொன்னால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாதாட உங்களிடம் இப்போது தெம்பு இருக்காது.

அறையை எப்போது காலி செய்வது?

கெடு எதுவும் கிடையாது. மூன்றாம் மாதமே செய்தவர்களும் உண்டு, பத்து வருடமாகக் கதவைத் திறக்காதவர்களும் உண்டு. முதல் சில வாரங்களில் மட்டும் எதையும் தூக்கிப் போடாதீர்கள், யாரையும் போடவும் விடாதீர்கள். குப்பைக்கூடையைக்கூட. நான் அவன் குப்பைக்கூடையிலிருந்து ஒரு கிழிந்த கணக்குத் தாளை எடுத்தேன். ஓரத்தில் ராக்கெட் வரைந்திருந்தான்.

உதவ வருகிறவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால், எல்லாவற்றையும் பைகளில் போட்டுக் கட்டி, மேலே என்ன இருக்கிறது என்று எழுதி ஒதுக்குப்புறமாக வைக்கச் சொல்லுங்கள். பிரித்துப் பார்ப்பதை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வீடு மாற வேண்டிய கட்டாயம் வந்தால், முதலில் அறையை அப்படியே படம் பிடியுங்கள்: நான்கு மூலை, மேசை டிராயர், கட்டிலுக்கடியில். கதவு நிலையில் உயரம் குறித்த கோடுகள் இருந்தால் ஒரு நீளத் தாளைத் தரையிலிருந்து ஒட்டி, கோடும் தேதியும் அதே உயரத்தில் விழும்படி எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத்தான் கொண்டுபோக முடியாது.

அவசரம் என்று சொன்னால் மூன்றே மூன்று: குரல், கர்ப்பகால ஸ்கேன் படம், வாசனை. இவை காத்திருக்காது. கீழே வருகிறேன்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது?

தேய்ந்ததை வைத்துக்கொள்ளுங்கள், புதுசைக் கொடுங்கள். இதுதான் நான் கண்டுபிடித்த ஒரே விதி.

என்னிடம் அவனுடைய இரண்டு ஷூவும் இருக்கின்றன. இடது ஷூவின் முனை மட்டும் தோல் உரிந்து, உள்ளே இருக்கிற துணி தெரியும். சைக்கிளில் பிரேக் பிடிக்கவே மாட்டான், இடது காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவான். நூறு தடவை திட்டியிருப்பேன். வலது ஷூ கடையில் வாங்கினது போலவே இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. இடது ஷூவை எடுத்தால் தெருமுனையில் அந்தச் 'சர்ர்ர்' சத்தம் கேட்கிறது.

எல்லோரும் முதலில் எடுத்து வைப்பது கோப்பை, சான்றிதழ், பிறந்தநாள் உடுப்பு. தப்பில்லை. ஆனால் வருடங்கள் போகப் போகக் கை தேடிப்போவது வேறு பொருட்களை. கடித்து வைத்த பென்சில், பெயரைத் தலைகீழாக எழுதிப் பழகிய நோட்டு, ஒரு பக்கமே தேய்ந்த பல் பிரஷ். பிள்ளையின் கை, பல், பிடிவாதம் எதில் பதிந்திருக்கிறதோ அதுதான் பேசும்.

சார்லஸ் டார்வினின் மகள் ஆனி 1851 ஏப்ரலில், பத்து வயதில் இறந்தாள். அவளுடைய எழுதும் பெட்டியை அம்மா எம்மா பத்திரப்படுத்தினார். பேனாக்கள், தாள், நூல் வேலைப்பாடு, அதோடு ஆனியின் தலைமுடியும். அந்தப் பெட்டி தலைமுறை தாண்டி வந்து சேர்ந்தது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? மகள் இறந்த ஒரு வாரத்துக்குள் உட்கார்ந்து சில பக்கங்கள் எழுதினார். அவள் அப்பாவின் தலைமுடியை அரைமணி நேரம் சீவிச் சீவி அழகு பார்த்தது, அவருக்காக ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைத் திருடிக்கொண்டு மாடிப்படியில் ஓடிவந்தது என்று. பின்னாளில் அவளுடைய குணங்கள் மறந்துபோகாமல் இருக்க வேண்டுமென்றே எழுதுவதாக அதிலேயே சொல்கிறார்.

நீங்களும் எழுதுங்கள். பொருளோடு ஒரு துண்டுத் தாள்: இது என்ன, எப்போது, என்ன நடந்தது. இரண்டு வரி போதும். எனக்கு மறக்கவே மறக்காது என்று நினைத்த ஒரு நீலக் கோலிக்குண்டு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

எத்தனை பொருள் வேண்டும் என்றும் கேட்கிறார்கள். ஒரு பெட்டி அளவு போதுமென்று எனக்குப் படுகிறது. அறை நிறைய இருந்தால் எதையும் கையில் எடுக்க மாட்டோம்.

துவைக்காத சட்டை ஒன்று இருக்கிறது. வாசனையை எப்படிக் காப்பாற்றுவது?

முதலில், வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு சொந்தக்காரர், பாவம், உதவி செய்கிறோம் என்று கூடையில் கிடந்த அழுக்குத் துணி மொத்தத்தையும் துவைத்துக் காயப் போட்டுவிட்டார். கொடியில் அவன் சட்டைகள் ஆடியதைப் பார்த்தபோது வந்த கோபத்தை இன்னும் என்னால் முழுசாக விட முடியவில்லை. தலையணை உறை ஒன்று மட்டும் தப்பியது.

வாசனைக்கு மட்டும் ஏன் இத்தனை வேகம் என்றால், பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் மேலே போகும். வாசனை அந்தச் சுற்று இல்லாமல், உணர்ச்சியையும் ஞாபகத்தையும் கவனிக்கிற பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் போய்விடுகிறது. அதனால்தான் உறையை முகர்ந்த நொடியில், யோசிப்பதற்கு முன்பே கண் நிறைகிறது.

உலர்ந்த துணியாக இருக்க வேண்டும், ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, அதை இன்னொரு கவருக்குள் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முடிந்தால் இரண்டு துணியைத் தனித்தனியாக வையுங்கள், ஒன்று அடிக்கடி திறப்பதற்கு, இன்னொன்று தொடாமல் இருப்பதற்கு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் போகும். பாச்சை உருண்டையை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அப்புறம் உருண்டை வாசனை மட்டும்தான் மிஞ்சும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எப்படி வைத்தாலும் ஒருநாள் வாசனை போகும். எனக்கு இரண்டாவது வருடம் போனது. அன்றைக்கு மறுபடி ஒரு சாவு போலத்தான் இருந்தது. ஆனால் உறையை நான் தூக்கிப் போடவில்லை.

மற்ற துணிகளை மென்மையாகத் துவைத்தே வையுங்கள். வியர்வையும் கறையும் நாளாவட்டத்தில் பழுப்பேறும், பூச்சியையும் இழுக்கும்.

போனில் அவள் குரலும் வீடியோவும் இருக்கின்றன. அப்படியே இருந்தால் போதாதா?

போதாது. இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. நீங்கள் செய்ய முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் கேட்டுப் பார்க்கக்கூட வேண்டாம், நகல் எடுத்தால் சரி.

மூன்று நகல், இரண்டு வகையான இடம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. உதாரணமாக ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு இணையச் சேமிப்பு, இன்னொன்று தங்கையின் கம்ப்யூட்டரில். பென் டிரைவை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை வெளியே எடுத்துச் சேமியுங்கள்.

பெரிய பிள்ளை, தனக்கென்று போனும் கணக்கும் வைத்திருந்தது என்றால் சில கெடுக்கள் உண்டு. 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும். இரண்டு வருடம் யாரும் திறக்காத தனிநபர் கூகுள் கணக்கை, அதிலுள்ள படங்களோடு சேர்த்து, நிறுவனம் அழிக்கலாம். சிம்மை ரத்து செய்யும் அவசரம் வேண்டாம். கணக்குகளைத் திறக்க அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும்.

அப்புறம் ஒன்று. "மூன்று வருடம் முன்பு இதே நாள்" என்று போன் தானாகப் படம் எழுப்பும். வண்டி ஓட்டும்போது, வேலையில் இருக்கும்போது அது வந்தால் ஆளைச் சாய்த்துவிடும். படச் செயலியின் அமைப்புகளில் குறிப்பிட்ட முகத்தையும் தேதிகளையும் அந்த நினைவூட்டலில் வராமல் செய்ய முடியும். படம் அழியாது, எப்போது பார்ப்பது என்பது மட்டும் உங்கள் கைக்கு வரும்.

காகிதம், முடி, பொம்மை இவற்றை எப்படி வைப்பது?

ஸ்கேன் படம் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சடித்தது. வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கிக்கொண்டே போகும். லேமினேஷன் செய்யக் கொடுத்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கருத்துவிடும். இப்போதே போனில் நேராக, ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்து, நல்ல தாளில் ஒரு பிரதி போடுங்கள்.

ஓவியங்களுக்கு அமிலமில்லாத தாள் உறை நல்லது. செல்லோ டேப், ரப்பர் பேண்ட், குண்டூசி, செய்தித்தாள் இந்த நான்கும் வேண்டாம். ஒட்டும் பக்கம் உள்ள பழைய வகை ஆல்பமும் வேண்டாம். தலைமுடியை நூலால் கட்டி, மடித்த வெள்ளைத் தாளில் வைத்தால் நம் காலத்துக்கப்புறமும் இருக்கும். பாடுகிற பொம்மை, ஓடுகிற கார் என்றால் பேட்டரியை இன்றைக்கே கழற்றுங்கள். உள்ளே கசிந்து அரித்துவிட்டால் அந்தப் பாட்டை மறுபடி கேட்க முடியாது. பெட்டியைக் குளியலறைச் சுவரை ஒட்டியோ ஈரத் தரையிலோ வைக்காதீர்கள்.

குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. எங்களுக்குப் பொருள் என்று என்ன இருக்கிறது?

உங்கள் கேள்விக்குத்தான் நான் அதிகம் தயங்குகிறேன். ஏனென்றால் ஊர் உங்கள் பிள்ளையைப் பிள்ளையாகவே கணக்கில் எடுப்பதில்லை. பார்க்காதே, மறந்துவிடு, அடுத்தது பிறக்கும் என்பார்கள். ஒரு காலத்தில் பல நாடுகளில் மருத்துவமனைகளே தாய்க்குக் காட்டாமல் குழந்தையை எடுத்துப் போனார்கள். இன்றைக்குப் பல இடங்களில் பெற்றோர் விரும்பினால் குழந்தையைத் தூக்கவும், படமெடுக்கவும், கை கால் ரேகை எடுக்கவும் உதவுகிறார்கள்.

இன்னும் மருத்துவமனையில் இருக்கிறீர்கள் என்றால் கேளுங்கள்: கையில் கட்டிய பெயர்ப்பட்டை, சுற்றிய துணி, மைத்தடம், ஸ்கேன் படத்தின் பிரதி. இப்போது பார்க்கத் தைரியமில்லையா? வேறொருவரை எடுக்கச் சொல்லி, உறையில் போட்டு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் கடந்துபோய்விட்டது என்றால், பதிவேட்டில் எடையும் நீளமும் பிறந்த நேரமும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஒரு அம்மா மகளின் நீளத்துக்குச் சரியாக ஒரு நாடாவை வெட்டி வைத்திருக்கிறார். அவ்வளவுதான் அவரிடம் இருக்கிறது. அதைக் கையில் சுற்றிச் சுற்றி அவர் பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.

எனக்கு எல்லாம் கண்முன்னால் இருக்க வேண்டும். என் கணவருக்கு எதையும் பார்க்க முடியவில்லை. தினம் சண்டை.

இதை வைத்து அவருக்குப் பாசமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது: துக்கத்தில் இருப்பவர் இழப்புக்குள் போவதும், அதை விட்டு அன்றாட வேலைக்குள் போவதுமாக மாறி மாறி ஆடிக்கொண்டிருப்பார். ஊஞ்சல் மாதிரி. இரண்டு பேர் ஊஞ்சல் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் வராது.

வீட்டில் ஒரு இடத்தைப் பேசி ஒதுக்குங்கள். ஒரு அலமாரித் தட்டு, கதவு இருந்தால் நல்லது. வேண்டியவர் திறந்து பார்க்கலாம், வேண்டாதவர் கடந்து போகலாம். ஒருவரைக் கேட்காமல் மற்றவர் எதையும் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் கறாராக வையுங்கள். என் வீட்டுக்காரர் நான்கு வருடம் அந்தத் தட்டைத் திறக்கவில்லை. அவருடைய மணிபர்ஸில் ஒரு பள்ளி அடையாள அட்டை இருந்ததை நான் பிற்பாடுதான் பார்த்தேன்.

அக்காவுக்கும் தம்பிக்கும் கொடுக்கலாமா?

அவர்களைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். அவர்கள் கேட்பது உங்களுக்கு அற்பமாகத் தெரியலாம். என் மகள் கேட்டது தம்பி சட்டைப்பையில் இருந்த ஒரு பேருந்துச் சீட்டு. அண்ணன் உடுப்பை வளர வளரப் போட்டுக்கொள்ளச் சொல்லித் தம்பியைக் கட்டாயப்படுத்தாதீர்கள். "அவனை மாதிரியே இருக்கே" என்று சொல்லவும் வேண்டாம். உயிரோடு இருக்கிற பிள்ளையே நினைவுப் பொருளாகிவிடக் கூடாது.

பொருளைப் பார்த்தால் ஆறுதலே வரவில்லை, வலிதான் வருகிறது.

ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். கடைசி நாட்களின் பொருட்களை (மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி உடுப்பு, விபத்தில் கிடைத்தவை) தனிப் பையில் பிரித்து வைத்துவிடுங்கள். அவை சாவைச் சொல்கிற பொருட்கள். வாழ்ந்ததைச் சொல்கிற பொருளில் ஒன்றை மட்டும், ஐந்து நிமிடம், கூட ஒருவர் இருக்கும்போது எடுத்துப் பாருங்கள். முடியவில்லையா, மூடி வையுங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம்.

பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறேன், சட்டையோடு பேசுகிறேன். எனக்கு மூளை குழம்பிவிட்டதா?

இல்லை. நான் ஷூவோடு பேசுவேன். ஆனால் சில அறிகுறிகளைக் கவனியுங்கள். பொருளை விட்டு வெளியே போக முடியாமல் வேலையும் மற்ற பிள்ளைகளும் கைவிடப்படுவது, மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாதது, காலம் அசையாமல் நிற்பது. நீடித்த துக்கம் என்று இதற்கு இப்போது மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்தைத் தாண்டினால் என்கிறது. அதே வருடம் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. இதற்கென்றே சிகிச்சையும் இருக்கிறது. நானும் எனக்குள்ளே அடைந்து கிடந்த ஒரு வருடத்துக்கு அப்புறம் போனேன்.

"நானும் அவன்கிட்டயே போயிடணும்" என்ற எண்ணம் திட்டமாக மாறினால், ஆறு மாதமும் ஒரு வருடமும் பார்க்க வேண்டாம். அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லி, மருத்துவரிடம் போங்கள்.

உடுப்புகளை வெட்டிப் போர்வை தைக்கலாமா?

அழகாக இருக்கும். ஆனால் வெட்டினது வெட்டினதுதான். ஒரு வருடம் போகட்டும், எல்லாவற்றையும் முழுசாகப் படமெடுங்கள், இரண்டு உடுப்பையாவது வெட்டாமல் விடுங்கள். தைப்பவரிடம் துண்டுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரில் அவள் குரலைப் புதிதாகப் பேச வைக்கிறார்களாமே?

2020-ல் தென் கொரியத் தொலைக்காட்சி ஒன்றில், கண்ணில் மெய்நிகர் காட்சிக் கருவியை மாட்டிக்கொண்ட ஒரு தாய், இறந்த மகளின் கணினி உருவத்தோடு பேசியதைக் காட்டினார்கள். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எனக்கு வேண்டாம். அவன் சொல்லாததை அவன் குரலில் கேட்டால், அவன் உண்மையில் சொன்னது எது என்று நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். இப்போது ஒன்றுமே இல்லை.

அந்த நேரத்தில் உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள். இனித் தேட வேண்டியது மற்றவர்களிடம். வகுப்பாசிரியரிடம் பழைய நோட்டு இருக்கலாம். கல்யாண வீடியோவின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். உடுப்பு வாங்கிப் போனவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், ஒன்றாவது திரும்பி வரலாம். உங்கள் பிள்ளை தப்பாக உச்சரித்த சொற்களை ஒரு தாளில் எழுத ஆரம்பியுங்கள், மூன்று சொல் எழுதினால் நாலாவது தானாக வரும்.

போன வருடம் பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வீடியோ அனுப்பினார். அவருடைய பேத்தி நடை பழகியதை எடுத்தது, மொத்தம் பதினொரு விநாடி. பேத்தி இரண்டு எட்டு வைத்து விழுகிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். ஏழாவது விநாடியில் பின்னால் தெருவில் ஒரு சைக்கிள் வருகிறது. ஆள் தெளிவாகத் தெரியவில்லை. சர்ர்ர் என்று ஒரு சத்தம் மட்டும்.